சென்னை – யாழ்ப்பாணம்: விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

வாசகர் கேள்வி, 6 ஏப்ரல் 2025
சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் 1,000 கிலோமீட்டருக்கு மேல் என்று என் நண்பர் சாதிக்கிறார். அவர் கொழும்பு வழியாக இரண்டு முறை போய் வந்தவர். ஓர் இணையதளம் 355 என்கிறது, இன்னொன்று 400 என்கிறது. எது சரி? விமானத்தில் உண்மையில் எத்தனை நிமிடம்? முதல் முறை போகிறோம், அப்பாவுக்கு 74 வயது.

6 ஏப்ரல் 2025, இரவு
400 கிலோமீட்டர் சரியாக இருக்கும். பறக்கும் நேரம் முக்கால் மணி. என் மனைவி யாழ்ப்பாணத்துப் பக்கம் இணுவில்காரர். அதனால் இந்த வழியில் அடிக்கடி போகிறவன் நான். உங்கள் நண்பர் சொல்லும் ஆயிரமும் பொய் இல்லை, அது வேறு கணக்கு. நாளை எழுதுகிறேன்.

7 ஏப்ரல் 2025
நேற்று எழுதிய இரண்டு எண்ணும் தவறு. தூக்கக் கலக்கத்தில் நினைவிலிருந்து எழுதியது. இன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சென்னை விமான நிலையம் வடக்கு 12.99 பாகையில் (டிகிரியில்) இருக்கிறது, யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி 9.79 பாகையில். கிழக்குப் பக்கம் பார்த்தால் சென்னை 80.17, பலாலி 80.07. அதாவது இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே நெடுங்கோட்டில், ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று. பள்ளிக்கூடத்து உலக வரைபடம் நினைவிருந்தால் போதும், கால்குலேட்டர் கூட வேண்டாம். ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். வித்தியாசம் 3.2 பாகை. பெருக்கினால் 355. கடல்மைல் கணக்கு இன்னும் எளிது. ஒரு பாகையில் 60 கடல்மைல், ஆக மொத்தம் 192.

355தான் சரி. 354 என்று போடும் தளங்களும் சரிதான், பூமி சரியான உருண்டை இல்லை என்பதால் வரும் ஒரு கிலோமீட்டர் அது.

7 ஏப்ரல் 2025, சற்று நேரம் கழித்து
முக்கால் மணி நேரம் என்று எழுதியதையும் திருத்த வேண்டும். இந்த வழியில் பறப்பது ஏடிஆர் 72, இரண்டு பக்கமும் விசிறி வைத்த விமானம். முழு வேகத்தில் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். 355ஐ 500ஆல் வகுத்தால் 43 நிமிடம் வருகிறது, அதை வைத்துத்தான் முக்கால் மணி என்றேன். ஆனால் தரையிலிருந்து மேலே ஏறும்போது அந்த வேகம் கிடையாது, இறங்கும்போதும் கிடையாது. குறுகிய பயணத்தில் ஏறுவதும் இறங்குவதும்தான் பெரும்பகுதி. நடுவில் நேராகப் பறப்பது கொஞ்ச நேரம்தான்.

அட்டவணையில் போடுவது இன்னொரு நேரம். சக்கரத்துக்கு முன்னால் வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து, போய்ச் சேர்ந்து மறுபடி கட்டை வைக்கும் வரை. சென்னையில் ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும் வரை காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். 2024 செப்டம்பர் 1 அன்று இண்டிகோ இந்த வழியில் தொடங்கியபோது அறிவித்த நேரம் ஒன்றேகால் மணி. நான் கைக்கடிகாரத்தில் பார்த்த வரை, சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடும் வரை ஒரு மணிக்கு முன்னே பின்னே.

9 ஏப்ரல் 2025
மதுரை நண்பர் ஒருவர் "355 தானா, நம்ப முடியவில்லை, அது வெளிநாடு ஆயிற்றே" என்று எழுதியிருக்கிறார். அவருக்காகவே இதைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் 416 கிலோமீட்டர். கோயம்புத்தூர் 400ஐத் தாண்டும். யாழ்ப்பாணம் 355. சென்னைக்காரருக்கு மதுரையை விட யாழ்ப்பாணம் பக்கம்.

இன்னொன்றும் உண்டு. மதுரை விமான நிலையம் 9.83 பாகை, பலாலி 9.79. மதுரையில் நின்று கிழக்கே பார்த்துக் கோடு போட்டால் அது யாழ்ப்பாணத்தில்தான் போய் நிற்கும். நான் இதைக் கண்டுபிடித்த அன்று மனைவியிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் உப்புமா கிண்டிக்கொண்டே, "இது எங்களுக்கு முதலே தெரியும், மதுரை ரேடியோவும் திருச்சி ரேடியோவும்தானே கேட்டு வளர்ந்தனாங்கள்" என்றார்.

10 ஏப்ரல் 2025
இப்போது அந்த ஆயிரம் கிலோமீட்டர். கொழும்பு வழியாகப் போனால், சென்னையிலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கா 643 கிலோமீட்டர் வானில். அங்கிருந்து யாழ்ப்பாணம் சாலையில் 400 அளவில். கூட்டினால் 1,040. உங்கள் நண்பர் பயணம் செய்த தூரம் அதுதான், அவர் சொன்னதில் பிழை இல்லை. வானில் ஒன்றரை மணிக்குள் முடிந்துவிடும். தரையில் பஸ்ஸோ வானோ ரயிலோ, ஏழெட்டு மணி நேரம். வான் என்றால் இங்கே ஆகாயம் இல்லை, வேன். யாழ்ப்பாணத்தார் அப்படித்தான் எழுதுவார்கள். விமானம் பற்றிய இழையில் இந்தச் சொல் குழப்பும், அதனால் சொல்லி வைத்தேன்.

அப்புறம், வயதான அப்பாவோடு போகிறவர் நீங்கள். சீட்டு விலை கொஞ்சம் குறைவு என்று கொழும்பு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

13 ஏப்ரல் 2025
"விசிறி விமானத்துக்குப் பதில் ஜெட் விட்டால் பாதி நேரத்தில் போகலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஜெட் மணிக்கு 830 கிலோமீட்டர் போகும் என்று வைத்தால், 355 கிலோமீட்டருக்கு 26 நிமிடம். ஏடிஆரோடு பார்த்தால் காகிதத்தில் 17 நிமிடம் மிச்சம். ஆனால் ஜெட்டும் ஏற வேண்டும், இறங்க வேண்டும். அந்த முழு வேகத்தை எட்டிப் பிடித்துக் கொஞ்சம் பறப்பதற்குள் கீழே இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். உண்மையில் பத்து நிமிடம் மிச்சமானாலே பெரிது. பலாலிக்கு இப்போது ஏடிஆர் வருவதற்குக் காரணம் ஓடுபாதை. சின்ன ஓடுபாதையில் இறங்கி ஏற ஏற்ற விமானம் அது.

எதிர்க்காற்றும் அப்படித்தான். மணிக்கு 40 கிலோமீட்டர் எதிர்க்காற்று வழி முழுக்க அடித்தாலும் நான்கு நிமிடம்தான் கூடும். லண்டன், டொராண்டோ போகிறவர்களுக்குக் காற்று பெரிய விஷயம். நமக்கு மீனம்பாக்கம் சிக்னல்தான் பெரிய விஷயம்.

என் மகனுக்கு எட்டு வயது. முதல் முறை ஏடிஆரைப் பார்த்தபோது கேட்டான், "அப்பா, வெளியிலேயே இவ்வளவு பெரிய ஃபேன் இருக்கே, உள்ளே ஏசி இருக்காதா?" பின்சீட்டுக்காரர்கள் யாழ்ப்பாணம் வரும் வரை அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

14 ஏப்ரல் 2025
சன்னல் சீட்டு எந்தப் பக்கம் என்று கேட்டவருக்கு: போகும்போது வலது பக்கம். கரை அந்தப் பக்கம்தான். நேர்கோடு மாமல்லபுரத்தை ஒட்டிப் போய்க் கடலுக்கு மேல் வந்துவிடும். பாண்டிச்சேரிக் கரை முப்பது கிலோமீட்டர் போல மேற்கே தள்ளி இருக்கும். வானம் தெளிவாக இருந்தால் கோடியக்கரையின் மூக்கு தெரியும். அங்கிருந்து யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருக்கும் காங்கேசன்துறை ஐம்பது, ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஏடிஆருக்கு ஆறேழு நிமிடம். பாக் நீரிணையின் நீலம் கொஞ்சம் வெளிறிப் பச்சையாக மாறும்போது பெல்ட் போடச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் பனை. கீழே பனை தெரிந்ததும் என் மனைவி பேச்சை நிறுத்திவிடுவார்.

19 ஏப்ரல் 2025
மனைவியின் பெரியப்பாவிடம் நேற்றுப் போனில் பேசினேன். 84 வயது, கோண்டாவிலில் இருக்கிறார். அறுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் படித்தவர். அவர்கள் வழி வேறு. யாழ்ப்பாணத்தில் ரயில் ஏறி, மதவாச்சியில் மாறி, தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, 35 கிலோமீட்டர் கடல். தனுஷ்கோடியில் மறுபடி ரயில், எழும்பூர் வரை. போட் மெயில் என்று சொல்வோமே, அது. 1914இல் தொடங்கிய வழி. இரண்டு இரவு போய்விடும், ஆனால் ஒரு பயணச்சீட்டை வைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. எண்பதுகளில் அதுவும் நின்றது.

அப்போதே விமானமும் இருந்தது. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படை போட்டது. ஏர் சிலோனின் முதல் பயணமே 1947 டிசம்பர் 10 அன்று, கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு, டகோட்டா விமானத்தில். காங்கேசன்துறை என்று அவர்கள் எழுதியது பலாலியைத்தான். பெரியப்பாவுக்கு அப்போது ஆறு வயது. சென்னைக்கு விமானம் என்றால் அது பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு, தான் ஒரு நாளும் ஏறவில்லை என்றார்.

எழுபதுகளின் கடைசியில் நின்ற வானூர்திச் சேவை 2019இல்தான் திரும்ப வந்தது. அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள். நவம்பரில் அலையன்ஸ் ஏர் வாரம் மூன்று நாள் பறக்கத் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பர் 12இல் மறுபடி. நடுவில் அந்த இரண்டே முக்கால் வருடம்.

அதைப் பற்றி எழுத வேண்டும். இன்றைக்கு வேண்டாம்.

22 ஏப்ரல் 2025
தஞ்சாவூர் வாசகிக்கு: ஆமாம், திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கிறது, போன மாதம் 30ஆம் தேதி இண்டிகோ தொடங்கியது. நேர்கோட்டில் 184 கிலோமீட்டர்தான், சென்னைத் தூரத்தில் பாதி. ஆனால் நேரம் பாதியாகாது, ஏற்றமும் இறக்கமும் அப்படியே இருக்கின்றனவே. உங்களுக்குச் சென்னை வருவதை விடத் திருச்சிதான் சரி.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு. 60 கடல்மைல், அதாவது 111 கிலோமீட்டர். 2023 அக்டோபர் 14இல் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்ட்டில் மறுபடி வந்தது. மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் விசாரித்துவிட்டுப் போங்கள்.

27 ஏப்ரல் 2025
கடிகாரத்தைத் திருப்ப வேண்டுமா என்று கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே நேரம். ஆனால் எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1996இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே வருடம் அரை மணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கு, நம் நேரத்துக்கு, திரும்பியது. அந்தப் பத்து வருடமும் வன்னியில் புலிகளின் பகுதியில் பழைய நேரம்தான். மனைவி சொல்வார்: வன்னியில் இருந்த சொந்தக்காரர் கலியாண வீட்டு நேரம் சொன்னால், "பழைய நேரமோ புது நேரமோ" என்று கேட்டுக்கொள்வார்களாம். இணுவிலில் புது நேரம், கிளிநொச்சியில் பழைய நேரம். எழுபது கிலோமீட்டர் கூட இல்லை.

4 மே 2025
சரி, எழுதிவிடுகிறேன்.

2022 ஜூன் மாதம். விடியற்காலை மாமா இறந்துவிட்டார் என்று போன் வந்தது. மனைவியின் அப்பா. சென்னை–யாழ்ப்பாணம் விமானம் அப்போது இல்லை. மாலை விமானத்தில் கொழும்புக்குச் சீட்டு கிடைத்தது. மதியம் இரண்டு மணிக்கு அம்பத்தூர் வீட்டை விட்டுக் கிளம்பினோம். இரவு ஒன்பது மணிக்குக் கட்டுநாயக்கா. இலங்கையில் அப்போது எண்ணெய்த் தட்டுப்பாடு, பெட்ரோல் செட்டுகளில் மைல் கணக்கில் வரிசை. யாழ்ப்பாணம் வரை ஓட டீசல் வைத்திருந்த வான் ஒன்று கூட இல்லை. கேட்ட காசு தருகிறோம் என்றோம். ஓர் ஓட்டுநர் என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, காசு இல்லப் பிரச்சினை, வவுனியாவோட வண்டி நிண்டிடும்" என்றார். விடியும் வரை உட்கார்ந்திருந்து, காலை ரயிலைப் பிடித்தோம். இணுவில் வீட்டு வாசலில் கால் வைத்தபோது மாலை ஐந்து மணி. பிற்பகல் இரண்டு மணிக்கே சுடலைக்குக் கொண்டு போய்விட்டார்கள். வெயில் காலம், அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. கொழும்பில் இருக்கும் மைத்துனர்தான் கொள்ளி வைத்தார், அவரும் முந்தின நாள் ரயிலில் வந்தவர்.

27 மணி நேரம். கேள்வி கேட்டவர் எத்தனை நிமிடம் என்று கேட்டதால் இந்த எண்ணையும் சொல்கிறேன்.

5 மே 2025
நேற்று எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. எழுந்து கணக்குப் போட்டேன். சென்னை 80.17, கட்டுநாயக்கா 79.88. இரண்டுக்கும் நடுவே நேர்கோடு போட்டால், யாழ்ப்பாணத்தின் உயரத்தில் அந்தக் கோடு 80.01இல் இருக்கிறது. இணுவிலும் ஏறக்குறைய 80.02தான். கோடு வீட்டுக்கு மேலேயே விழுகிறது, அதிகம் போனால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி.

விமானம் அந்தக் கோட்டிலேயே போயிருக்கும் என்று சொல்ல முடியாது, வான்பாதைகள் வளையும். ஆனாலும் அந்த இரவு, கிளம்பி ஒரு மணி நேரம் ஆவதற்குள், மாமா கிடந்த வீட்டைக் கிட்டத்தட்ட மேலாகத் தாண்டிப் போயிருக்கிறோம். கீழே பந்தல் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்திருக்கும். அதற்குப் பிறகு 290 கிலோமீட்டர் தெற்கே போய் இறங்கி, அதே வழியில் 400 கிலோமீட்டர் திரும்பி வந்தோம்.

இதை மனைவியிடம் சொல்லலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன்.

8 மே 2025
சொன்னேன். "எனக்கு அண்டைக்கே தெரியும். சன்னலுக்கால பார்த்துக்கொண்டுதான் வந்தனான்" என்றார். வலது பக்கச் சீட்டில் நான் இருந்தேன், இடது பக்கம் அவர். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்திருந்திருக்கிறார்.

இதனால் ஒன்றைத் திருத்த வேண்டும். ஏப்ரல் 7ஆம் தேதிக் குறிப்பில் 355தான் சரி என்று முடிவாக எழுதினேன். தூரத்துக்கு அது சரி. ஆனால் ஒருவர் "எவ்வளவு தூரம்" என்று கேட்டால், எந்த வருடத்தில் என்று கேட்டுவிட்டுத்தான் நான் பதில் சொல்வேன்.

11 மே 2025
கேள்வி கேட்டவருக்கு, வீட்டிலிருந்து வீட்டுக்கு என்ன கணக்கு என்று. என் மாமியார் கேட்பது எப்போதும் இதைத்தான். (அங்கே மாமி என்று கூப்பிட வேண்டும்.) எத்தனை மணிக்கு விமானம் என்று மாமி கேட்கவே மாட்டார். "எத்தினை மணிக்கு வெளிக்கிடுறியள், எத்தினை மணிக்குச் சோறு வைக்க?" இவ்வளவுதான்.

வெளிநாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னால் போக வேண்டும். தூரம் திருச்சி ரயில் தூரம்தான், ஆனால் கடவுச்சீட்டு, குடிவரவு, சுங்கம் எல்லாம் லண்டன் போகிறவருக்கு இருப்பது போலவே. பலாலி சின்ன நிலையம், கூட்டம் ஒரே விமானத்துக் கூட்டம்தான், முக்கால் மணியில் வெளியே வந்துவிடலாம். பெட்டி வர ஒரு முறை அதையும் தாண்டியது. அங்கிருந்து இணுவில் 12 கிலோமீட்டர் போல. யாழ்ப்பாணம் டவுன் இன்னும் கொஞ்சம், அரை மணி வையுங்கள். அம்பத்தூரிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஒரு மணி. எல்லாம் கூட்டினால் ஆறரை மணி நேரம். பல்லவன் ரயிலில் திருச்சி போய் ஆட்டோ பிடித்து வீடு சேரும் நேரம்தான் கிட்டத்தட்ட.

அப்பாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் சீட்டு போடும்போதே சொல்லிவிடுங்கள். ஏடிஆருக்கு ஏணி வழியாக ஏற வேண்டியிருக்கலாம்.

17 ஆகஸ்ட் 2025
நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருக்கிறோம். இணுவிலிலிருந்து எழுதுகிறேன். நேரத்தைக் குறித்து வைத்தேன், கேட்டவர்களுக்காக.

காலை 9:40 வீட்டை விட்டுக் கிளம்பினோம். 10:50 விமான நிலையம். சக்கரம் தரையை விட்டது 2:08, பலாலியில் தரையைத் தொட்டது 3:05. 57 நிமிடம். வெளியே வந்தது 3:50. வாசலில் மைத்துனர் ஓட்டோவோடு நின்றார். "தேத்தண்ணி குடிச்சு முடிக்க முதல் வந்திட்டியள்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லும் அதே பகிடி. வீடு 4:15. ஆறு மணி 35 நிமிடம்.

மாமியிடம் நாலு மணி என்று சொல்லியிருந்தோம். கால் மணி தாமதம். சோறு வடித்து, மூடி வைத்து, மேலே ஒரு துணியும் போட்டிருந்தார். மனைவி நேரே மாமாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். மாமி உள்ளேயிருந்து, "முதல்ல கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, கறி ஆறுது" என்றார்.